ஆடு பேசிய கேசட்

வளைகுடாவில் வளர்ந்து, இப்போது மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும். என் மாமியின் புத்தகம் மறுபடியும் அச்சாகி வந்திருக்கிறது. மாமி என்றால் எங்கள் வாப்பாவின் தங்கை. புத்தகம் என்றால் அந்த ஆட்டுக் கதைதான். ஒரு நொண்டி ஆடு தன் கதையைத் தானே சொல்லுமே, அதுவேதான். உங்கள் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு ஒரு மாதம் ஆட்டுக்கறி வேண்டாம் என்று அடம் பிடித்திருந்தால், அந்தப் பழியை எங்கள் குடும்பம் ஏற்றுக்கொள்கிறது.

புதுப் பதிப்புக்கு ஒரு பேராசிரியர் முன்னுரை எழுதியிருக்கிறார். கதையின் பாதிவரைக்கும் ஒரு மனித முகம்கூட வரவில்லை, எல்லாரும் செருப்பாகவும் கணுக்காலாகவும் உடுப்பின் ஓரமாகவும்தான் வருகிறார்கள், இது தமிழ்ச் சிறுவர் இலக்கியத்தில் துணிச்சலான உத்தி என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உத்தியாவது ஒன்றாவது! மாமி தரையில் இருந்தார். தரையிலிருந்து பார்த்தால் செருப்புதான் தெரியும்.

மாமிக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம். இடுப்புக்குக் கீழே இரண்டு கால்களும் துணி மாதிரி கிடக்கும். நடக்க முடியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு என்று ஊரில் அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்த பத்திரிகைகளையும் கடலை மடித்து வந்த காகிதங்களையும் வைத்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார். எழுதுவது மட்டும் சிரமம். முதுகு வளைந்திருந்ததால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கும்.

அவரை ஷார்ஜாவுக்குக் கூட்டி வந்ததே வைத்தியத்துக்குத்தான். ‘இங்கே வெள்ளைக்கார டாக்டர் இருக்கிறார், நடக்க வைத்துவிடுவார்’ என்று யாரோ சொல்ல, வாப்பா நம்பிவிட்டார். ஜெபல் அலித் துறைமுகத்தில் ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை வாப்பாவுக்கு. லீவு கேட்டு, கெஞ்சி, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கடைசியில் இரும்புக்கம்பியும் தோல்வாரும் வைத்த ஒரு ஜோடி காலைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு மாமி நிற்பார். அடுத்த நொடி விழுவார். எல்லாரும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியிடம் வேறு ஏதாவது இருக்கலாம் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உருப்படியாக வாப்பா செய்தது ஒன்றே ஒன்றுதான். கிடங்கில் உடைந்து கிடந்த பலகைகளை அறுத்து, பழைய தள்ளுவண்டியின் சக்கரங்களைப் பூட்டி, தரையோடு தரையாக ஒரு சக்கரப் பலகை செய்து கொண்டுவந்தார். அதன்மேல் மெத்தைத் துணி. மாமி இரண்டு கைகளாலும் மொசைக் தரையைத் தள்ளினால் வீடு முழுக்கப் பறக்கும். ஒரு சக்கரம் மட்டும் ‘கிறீச் கிறீச்’ என்று கத்தும். எண்ணெய் விடலாம் என்று வாப்பா சொன்னபோது மாமி வேண்டாம் என்றுவிட்டார். தான் வருவது நாலு பேருக்குத் தெரியட்டும் என்றார்.

ஷார்ஜாவில் நாங்கள் இருந்த முவைலாவில் அப்போது இத்தனை கட்டடம் கிடையாது. மணலுக்கு நடுவே எங்கள் வீடு ஒரு பழைய அரபு வீடு. சுற்றுச்சுவர், நடுவே முற்றம், முற்றத்தில் ஒரு வேப்பமரம். அந்த வருடங்களில் ஹஜ்ஜுப் பெருநாள் கோடையில் வந்தது. காற்று ஈரத்துணி மாதிரி முகத்தில் ஒட்டும். ஏசி போட்ட ஒரே அறையில் நாங்கள் எல்லாரும் அடைந்து கிடப்போம்.

அந்தப் பெருநாளுக்குக் குர்பானி கொடுக்க வாப்பா ஆட்டுச் சந்தைக்குப் போய் ஒரு கிடாய் வாங்கி வந்தார். அந்தி நேரம், கூட்டம் நெரிந்தது. பட்டாணிய இனத்து வியாபாரி ‘ஏக் நம்பர் பாய், ஏக் நம்பர்’, முதல் தரம் என்று ஆட்டின் முதுகைத் தட்டிக் காட்டினான். அவனுடைய ஆட்கள் ஆட்டை அப்படியே தூக்கிப் பிக்கப்பில் ஏற்றினார்கள். வீட்டிலும் தூக்கியே இறக்கி, வேப்பமரத்தில் கட்டினார்கள். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் வெள்ளை. பார்க்க ராஜா மாதிரி இருந்தது.

நாங்கள் ஆட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமி கிறீச் கிறீச் என்று முற்றத்து வாசல்வரை வந்து, அதன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காக்கா, அது பின்னங்கால ஊனவே இல்ல. அவுத்து நடத்திப் பாருங்க.”

தங்கையின் ‘காக்கா’வுக்காக வாப்பா சிரித்துக்கொண்டே அவிழ்த்தார். ஆடு மூன்று காலில் தத்தித் தத்திப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் முட்டி நின்றது. உம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டார். குர்பானிக்கு நொண்டி ஆடு கூடாது என்பது எங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நடத்திப் பார்க்காமல் ஆடு வாங்கிய மனிதர் என்ற பெயர் வாப்பாவுக்கு அன்றே விழுந்துவிட்டது, இன்றுவரை போகவில்லை. பட்டாணியனைத் தேடிப் போனால் அவன் கடையைக் கட்டிக்கொண்டு போயிருந்தான். வேறொரு ஆடு வாங்கி அந்தப் பெருநாளை முடித்தோம். இந்த ஆடு வேப்பமரத்தடியிலேயே தங்கிவிட்டது. பிறகு ஒருநாள் கறிக்கு அறுத்துக்கொள்ளலாம் என்றார் வாப்பா.

அந்த ஆடும் மாமியும் ஒரே உயரம். பலகையில் உட்கார்ந்தால் மாமியின் முகமும் ஆட்டின் முகமும் நேருக்கு நேர் இருக்கும். வெயில் தாழ்ந்ததும் மாமி முற்றத்துக்குப் போய்விடுவார். ஆட்டுப்புழுக்கை நாற்றமும் ஈரச்சாக்கு நாற்றமும் அடிக்கும். மாமிக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆடு அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தின்னும், மாமி அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பள்ளி விடுமுறை விட்டதும் எனக்கும் என் தம்பிக்கும் பொழுது போகவில்லை. ஏசி அறையில் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு கதை கேட்டு நச்சரித்தோம். ஒரு மத்தியானம் மாமி ஆரம்பித்தார். அந்த முதல் வரி இப்போது புத்தகத்திலும் அப்படியே இருக்கிறது. ‘நொண்டி என்று என்னைத் தள்ளி வைத்தார்கள். தள்ளி வைத்ததால்தான் இன்று உயிரோடு இருந்து இதைச் சொல்கிறேன்.’

நாங்கள் இன்னும் கிட்டே நகர்ந்தோம். மாமி குரலை மாற்றவே இல்லை, ஆடு மாதிரிக் கத்தவும் இல்லை. தன் சொந்தக் கதையைச் சொல்வதுபோலச் சொன்னார். அதில் வாப்பா வந்தார், ஆனால் கிரீஸ் படிந்த சேஃப்டி ஷூவாக வந்தார். எதிர்வீட்டு அரபுக் கிழவர் வெள்ளைக் கந்தூரா அங்கியின் ஓரமாகவும், வெடித்த குதிகாலாகவும் வந்தார். தம்பி, வார் அறுந்த சாண்டக் செருப்பு. நான், ஓயாமல் குதிக்கிற இரண்டு வெறுங்கால். ‘எனக்கு ஏன் முகமே இல்லை?’ என்று நான் சண்டை பிடித்தேன். நான் கீழே உட்காரும்போது வரும் என்று சொல்லிவிட்டார் மாமி.

கதை மறந்துபோகக் கூடாது என்று டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரை எடுத்துக் கொடுத்தது நான்தான். பிளேயையும் சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், நினைவிருக்கிறதா? அந்தச் சத்தம் கேட்டதும் மாமியின் முகமே மாறிவிடும். முதுகு நிமிரும். எழுதும்போது வாங்குகிற மூச்சு, பேசும்போது வாங்காது. இரும்புக்கம்பிக் கால்களை அதற்குப் பிறகு அவர் மாட்டவே இல்லை. கதையை முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவருடைய ஆசை. பிறந்ததிலிருந்து தான் ஆரம்பித்து முடித்த காரியம் என்று ஒன்றுகூட இல்லை, இதையாவது முடிக்கிறேன் என்று எங்களிடம் சொல்லுவார்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. நம் வீடுகளில் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட் போகும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முதலில் வாப்பாவின் சலாம், பிறகு உம்மா, பிறகு பிள்ளைகள் குர்ஆனிலிருந்து ஆளுக்கொரு சூரா ஓதிக் காட்ட வேண்டும். கடைசியில் மிஷினைச் சுற்றி உட்கார்ந்து யாருக்கு என்ன வாங்கியிருக்கிறது என்ற விவரம். யாராவது ஊருக்குப் போகும்போது கொடுத்துவிடுவோம். அங்கே வாப்பாவின் அண்ணன், எங்கள் பெரியவாப்பா, அவர் வீட்டு முற்றத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு தெருப் பெண்கள் எல்லாரும் கூடி உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்த மாதக் கேசட்டை உம்மா ஒரு பையில் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தார். ஊருக்குப் போகிறவர் வெளியே வண்டியில் ஹார்ன் அடித்தார். வாப்பா அவசரத்தில் ஓடி வந்து, மிஷினுக்குள் இருந்த கேசட்டை உருவிக் கொடுத்துவிட்டார். ஆடு ஊருக்குப் போய்விட்டது.

அது கதையின் நடுவே உள்ள கேசட். தொடங்கும்போதே இப்படித்தான் தொடங்கும்: ‘என்னை இந்த வீட்டில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். மஞ்சள் செருப்பு வந்து சோறு வைக்கும். ஒரு வார்த்தை கேட்காது. தூக்கும், இறக்கும், போய்விடும். வருகிறவர்கள் எல்லாரும் என் காலைத்தான் பார்க்கிறார்கள். இன்று பசி தாங்காமல் அட்டைப்பெட்டியைத் தின்றேன்.’

தெருவே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. மாமியின் குரல்தான், சந்தேகமே இல்லை. பின்னால் ‘கிறீச் கிறீச்’ என்று சக்கரச் சத்தம் வேறு. அது சங்கிலி என்று ஒருத்தர் சொல்லியிருக்கிறார். அட்டைப்பெட்டி கேட்ட ஆத்திரத்தில், ஒரு பக்கம் தீர்ந்ததும் பெரியவாப்பா எழுந்து மிஷினை நிறுத்திவிட்டார். பெண்கள் ஓவென்று அழுதார்களாம்.

மறுநாள் போன் வந்தது. போன் சுவரோரம் உயரமான ஸ்டாண்டில் இருந்தது. பெரியவாப்பாவின் குரல் ரிசீவருக்கு வெளியே வந்து அறை முழுக்க விழுந்தது.

“அவளக் கட்டிப் போட்டு அட்டையப் போடுறியளாமே. மனுசங்கதானா நீங்க?”

வாப்பாவுக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. புரிந்ததும், அது கதை, ஒரு ஆடு பேசுவதுபோலச் சொன்ன கதை என்று விளக்கினார். ஆட்டைக் காட்டி என்னை மடையனாக்கப் பார்க்காதே என்றார் பெரியவாப்பா. ஆடோ மாடோ, பேசியது அவள் வாய்தானே, வயிற்றில் இருப்பதுதானே வாயில் வரும் என்றார்.  அடுத்த வெள்ளிக்கிழமை ஊர்க்காரக் குடும்பம் ஒன்று விமானம் ஏறுகிறது, அவர்களோடு அவளை அனுப்பிவிடு, வைத்தியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மாமி ஸ்டாண்டுக்குக் கீழே பலகையைத் தள்ளிக்கொண்டு வந்து கையை நீட்டினார். “மூத்த காக்காகிட்ட நான் பேசுறேன். போனைக் குடுங்க.” வாப்பா ஒரு கையைக் காட்டிப் ‘பொறு’ என்றார். பெரியவர்கள் பேசி முடித்தார்கள், போனை வைத்தார்கள். மாமியைப் பற்றி அத்தனை பேச்சும் மாமியின் தலைக்கு மேலேயே நடந்து முடிந்தது.

உம்மா அன்று சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. கதையை அவர் கேட்டதே இல்லை, வேலை ஒழிந்தால்தானே கேட்க? போனில் கேட்ட வரிகளில் வந்த மஞ்சள் செருப்பு தன் காலில் கிடப்பதுதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. மாமியைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, புண் வராமல் முதுகுக்குப் பவுடர் போட்டு, எல்லாம் செய்தவர் அவர். ஊரே அவரைத்தான் கொடுமைக்காரி என்று பேசியது. யாருக்குத்தான் மனசு ஆறும்? வாப்பா தன் பங்குக்கு, தங்கச்சி போகிறாளே, வெள்ளிக்கிழமை அந்த ஆட்டை அறுத்துப் பிரியாணி போட்டு வழியனுப்பிவிடலாம் என்று யோசனை சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். அதுதான் எங்கள் வாப்பா.

மாமி அழவில்லை. சாப்பிடவும் இல்லை. கதையில் இன்னும் பாதி பாக்கி இருந்தது. ஊரில் பெரியவாப்பா வீட்டுப் பின்கட்டு அறைக்குத் திரும்பினால், சக்கரப் பலகை ஓடாத மண்தரை, மிஷின் கிடையாது, கேட்க ஆள் கிடையாது. கதை அதோடு முடிந்துபோகும். எனக்கே அது விளங்கியது, எனக்கு அப்போது வாய்தான் பெரிது, அறிவு அவ்வளவு இல்லை.

மறுநாள் மத்தியானம் உம்மா வந்தார். எதையோ கேட்க நின்றவர், முழங்கால் வலியோ என்னவோ, மாமிக்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“நான் உனக்கு என்ன புள்ள கேக்கல? சொல்லு.”

மாமி, அண்ணன் மனைவியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்துச் சொன்னார். “சோறு, துணி, மருந்து எல்லாம் கேக்காமலே வருது மச்சி. அதுல ஒரு குறையுமில்ல. தூக்கும்போது மட்டும் கேக்க மாட்டிய. ‘தூக்கவா’ன்னு கேட்டா, நானும் ஒங்க தோள்ல கை போட்டு எந்திரிப்பேன். கேக்காமத் தூக்குனா நான் மூட்டை.”

“அதப் போயி ஆடு சொல்லணுமா?”

“ஆட்டுக்கு நான் எதக் குடுப்பேன்? எனக்குத் தெரிஞ்சதத்தானே குடுக்க முடியும்.”

உம்மா மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டார். கோபம் தீர்ந்ததா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கதையை எனக்கும் போட்டுக் காட்டு என்றார். மிச்சமிருந்த கேசட்டுகளை அங்கேயே உட்கார்ந்து கேட்டார். பருப்பு தீய்ந்து வீடெல்லாம் நாறியது. புத்தகத்தில் மஞ்சள் செருப்புக்கு முதன்முதலாக ஒரு முகம் வருமே, மேலுதட்டில் வியர்வை, தீய்ந்த பருப்பு வாசனை, அழுத கண்? அந்த இடத்தைப் பற்றிப் பேராசிரியர் முழுதாக ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். எங்கள் உம்மா உட்கார்ந்தார் ஐயா, அதற்குத்தான் ஒரு பக்கம்.

சாயங்காலம் உம்மா என்ன செய்தார் தெரியுமா? வாப்பா வேலையிலிருந்து வருமுன்பே, போனை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, வயரை இழுத்து விட்டு, தரையில் மாமிக்கு முன்னால் வைத்தார். ஊர் நம்பரைத் தானே சுற்றினார். “மச்சான், ஒங்க தங்கச்சி பேசணுமாம்” என்று ஒரே வார்த்தை. ரிசீவரை மாமி கையில் கொடுத்துவிட்டார்.

மாமி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “காக்கா, நீங்க ஒரு பக்கந்தான் கேட்டிருக்கிய. திருப்பிப் போட்டு மறுபக்கத்தையும் கேளுங்க. தெருவுல எல்லாரையும் வச்சுக்கிட்டே கேளுங்க. அதுக்குப் பொறவும் வரச் சொன்னா, வெள்ளிக்கிழம வாரேன்.”

அந்த மறுபக்கத்தில் இருந்தது பெருநாள் காலை. உங்கள் பிள்ளைகள் மனப்பாடமாக ஒப்பிக்கும் அத்தியாயம். வெளியே பள்ளிவாசலில் தக்பீர் முழக்கம். பக்கத்து வீட்டுக் கொட்டிலிலிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாகப் போகின்றன. ஒரு ஜோடிச் செருப்பு இந்த ஆட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது. அவிழ்க்கிறது, நடத்திப் பார்க்கிறது. ‘அவர் என் காலைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். வாழ்க்கையில் முதல்தடவையாக என் கால் எனக்கு ஒரு நல்லது செய்தது.’ அப்புறம் அந்தச் செருப்பு தூரத்தில் யாரிடமோ சொல்கிறது, பெருநாள் போகட்டும், இன்னொரு நாள் கறிக்கு ஆகும் என்று. அதோடு நாடா தீர்ந்துவிடும்.

நாங்கள் காத்திருந்தோம். உம்மா ஒரு சூட்கேஸை எடுத்துத் தூசி தட்டினார், பிறகு அதில் ஒன்றும் வைக்காமல் மூடினார். வாப்பா கத்தியைத் தீட்டக் கொடுத்துவிட்டு வந்தார். ஆட்டுக்குத் தழை வைக்கப் போன தம்பி அதைக் கட்டிக்கொண்டு அங்கேயே தூங்கிப்போனான். போன் தரையிலேயே இருந்தது, உம்மா அதைத் திரும்ப எடுத்து வைக்க விடவில்லை.

வியாழக்கிழமை மணி அடித்தது. மாமியே எடுத்தார். நாங்கள் எல்லாரும் தரையில் விழுந்து காதைக் கிட்டே வைத்துக்கொண்டோம். அந்தப் பக்கம் ஒரே இரைச்சல், பெண்கள் குரல், பிள்ளைகள் குரல். ‘கேளுங்க, கேளுங்க’ என்று யாரோ நெருக்குகிறார்கள். பெரியவாப்பா தொண்டையைக் கனைத்தார். அதட்டிப் பேசியே பழகிய மனிதர், அன்று சுருதி இறங்கித்தான் வந்தது.

“ஏ புள்ள. அந்த ஆட்ட அறுத்துட்டாங்களா, இல்லையா?”

மாமி ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் அதுவரை கண்டதில்லை. கலியாண வீட்டில் பெண்ணுக்குக்கூட அவ்வளவு வெளிச்சம் இருக்காது.

“அது எனக்கே இன்னும் தெரியாது காக்கா. நான் இங்க இருந்து சொன்னாத்தான் தெரியும்.”

 பிறகு பெரியவாப்பா, யாரோடோ கலந்து பேசியவர்போல, “சரி, அங்கனயே இரி. சீக்கிரமாச் சொல்லி அனுப்பு, இங்க தெருவே தூங்க மாட்டேங்குது” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அப்புறம் அந்தத் தெருவில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதைதான். மாதாமாதம் ஒரு கேசட் போனது. பள்ளிக்கூடம் போகிற பெண்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ஆளுக்கொரு பக்கமாக எழுதினார்கள். அச்சடிக்கக் கொண்டு போனவர் பெரியவாப்பாதான். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காத தங்கச்சியின் புத்தகம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அனுப்பாததே அவர்தான் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டார். நாங்களும் நினைவுபடுத்தவில்லை, ஜெயித்தவர்களுக்கு அந்தப் பெருந்தன்மை இருக்க வேண்டும் அல்லவா?

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மாமி மிஷினைக் கொண்டுவரச் சொன்னார், புதுக் கேசட்டைப் போட்டேன். வாப்பா வேலையிலிருந்து வந்து, செய்தி தெரியாமல், நாளைக்கு ஆட்டை எத்தனை மணிக்கு அறுக்கலாம் என்று கேட்டார். கதை முடிகிற வரைக்கும் அந்த ஆட்டின்மேல் யார் கையும் படக் கூடாது என்றார் உம்மா. சொல்லிவிட்டு மாமியின் பக்கம் குனிந்து, “தூக்கவா?” என்று கேட்டார். மாமி உம்மாவின் தோளில் கை போட்டார்.

வெள்ளிக்கிழமை விமானம் போய்விட்டது. வாப்பா பிரியாணிக்குக் கோழி வாங்கி வந்தார்.